ஆயுத பூசைக்கு மூடி வைத்த எட்டுக் குடுவைகள்

நாலு பேர் இருக்கிற இடத்தில் எனக்குப் பேச்சு வராது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அஞ்சாவது வரை படித்தேன். அந்த அஞ்சு வருசத்தில் வகுப்பில் எழுந்து நின்று பதில் சொன்னதாக ஞாபகமே இல்லை. விடை தெரிந்திருக்கும், வாய் திறக்காது. அப்படிப்பட்ட நான் ஒரு திங்கட்கிழமை காலையில் வாயைத் திறந்தேன். அதனால் ஏழு குடுவைப் பாசி சாக்கடைக்குப் போகாமல் தப்பித்தது. இத்தனை வருசம் கழித்தும் அதை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

கல்யாணமான புதிதிலிருந்து பத்து வருசத்துக்கு மேல் சேகோ மில்லில் வேலை பார்த்தேன். எங்கள் பக்கம் விளைகிற மரவள்ளி, நாங்கள் சொல்கிற குச்சிக்கிழங்கு, வண்டி வண்டியாக வந்து இறங்கும். நாங்கள் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து தோல் சீவுவோம். அதை அரைத்து, பால் எடுத்து, மாவு படிய வைத்துத்தான் ஜவ்வரிசி செய்வார்கள். மாவு படிந்த பிறகு மிஞ்சுகிற தண்ணீரெல்லாம் மில்லுக்குப் பின்னால் இருந்த குட்டைக்குப் போகும். அந்தக் குட்டையைத் தாண்டித்தான் நாங்கள் வேலைக்குப் போக வேண்டும்.

காலையில் போகும்போது குட்டை கறுத்துக் கிடக்கும். புளித்த நாற்றம் மூக்கைத் துளைக்கும். அதில் மீன் கிடையாது, தவளை கூடக் கிடையாது. மத்தியானம் சோறு தின்ன வெளியே வந்தால் அதே குட்டை பச்சைப் பசேலென்று இருக்கும். ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழியாக வந்து கொண்டிருக்கும். சாயங்காலம் நாற்றம் பாதியாகக் குறைந்துவிடும். மறுநாள் காலையில் திரும்பவும் கறுப்பு, திரும்பவும் புளிப்பு. தினமும் இதைப் பார்த்துக்கொண்டே போனேன், வந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

ஒரே ஒரு தடவை அந்தப் பச்சை செத்ததைப் பார்த்திருக்கிறேன். நாற்றம் தாங்கவில்லை என்று மில்லுக்காரர் மூட்டை மூட்டையாகப் பிளீச்சிங் பவுடரைக் கொட்டினார். ரெண்டு நாளில் பச்சையெல்லாம் வெளுத்து, மஞ்சளும் வெள்ளையுமாகத் திரிந்து அடியில் போய்விட்டது. அப்புறம் வந்த நாற்றமே வேறு. கூமுட்டையை உடைத்தது மாதிரி குடலைப் புரட்டியது. புளித்த நாற்றத்தோடு சோறு தின்றுவிடலாம். இந்த நாற்றத்தில் தண்ணீர் கூட இறங்கவில்லை.

கிழங்குப் பால் பட்டுப் பட்டு என் விரல் இடுக்கெல்லாம் வெந்து போனதும் மில்லை விட்டு நின்றேன். வீட்டுக்காரர் போர் போடுகிற ரிக் வண்டியோடு வடக்கே போனால் ஆறு மாசம் கழித்துத்தான் வருவார். சும்மா இருக்க முடியவில்லை. ராசிபுரம் பஸ்ஸில் போகிற தூரத்தில் ஒரு பெண்கள் காலேஜ் இருந்தது. அங்கே லேபில் கண்ணாடிச் சாமான் கழுவுகிற வேலை கிடைத்தது. அப்போது எண்பது பிறந்து ஒன்றிரண்டு வருசம் ஆகியிருக்கும்.

அந்த லேபில்தான் டீச்சர் இருந்தார். மற்றவர்கள் எல்லாம் மேடம் என்று கூப்பிடுவார்கள். எனக்குத் தெரிந்த வார்த்தை டீச்சர்தான், அதையே சொன்னேன். அவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. சேலம் டவுனில் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண். என்னைவிட நாலைந்து வயது சின்னவர். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். பாடம் நடத்துவது போக, பெரிய பட்டத்துக்காகப் பாசியை வைத்து ஆராய்ச்சி செய்து கொண்டிருந்தார்.

நான் மில்லில் இருந்தவள் என்று தெரிந்ததும் ஒரு நாள் கேட்டார். "அக்கா, அந்தக் குட்டையில கொஞ்சம் பச்சைத் தண்ணி எடுத்துட்டு வர முடியுமா?"

அன்று சாயங்காலமே ஒரு டின்னில் மொண்டு, மூடி போட்டு, மறுநாள் பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டு போனேன். பக்கத்து சீட்டு அம்மா எழுந்து பின்னால் போய்விட்டார்.

டீச்சர் அந்தத் தண்ணீரிலிருந்து ஒரே ஒரு சாதிப் பாசியை மட்டும் பிரித்தெடுக்க மூன்று மாசம் பாடுபட்டார். பிரித்ததை எட்டுக் கண்ணாடிக் குடுவைகளில் வளர்த்தார். குடுவை வாயில் பஞ்சு அடைத்திருக்கும். பஞ்சு வழியாக ஒரு ரப்பர் குழாய் உள்ளே போகும். மீன் தொட்டிக்கு வைக்கிற சின்ன மோட்டார் ஒன்று ர்ர்ர் என்று ஓடி, எட்டுக் குடுவைக்கும் காற்று ஊதும். மேலே ரெண்டு டியூப் லைட். தீபாவளி முடிந்ததும் சென்னையிலிருந்து டீச்சருடைய பேராசிரியர் வருவதாக இருந்தது. குடுவைகளைப் பார்த்து அவர் சரி என்றால்தான் ஆராய்ச்சி மேலே போகும். இல்லையென்றால் நான் வருவதற்கு முன்பிருந்தே செய்த மூன்று வருச உழைப்பு அதோடு நின்றுவிடும். டீச்சர் இதை என்னிடம் நேராகச் சொல்லவில்லை. ஆனால் தினமும் காலையில் பையைக் கூடக் கீழே வைக்காமல் குடுவைகளைத்தான் முதலில் போய்ப் பார்ப்பார். அதிலேயே எனக்குத் தெரிந்தது.

இப்படி இருக்கும்போது ஆயுத பூசை வந்தது.

பூசை வெள்ளிக்கிழமை. அதற்கு முதல் நாளே காலேஜில் சாமி கும்பிட்டுவிட்டு லீவு விடுவார்கள். மறுபடி திங்கட்கிழமைதான். டீச்சர் புதன் சாயங்காலமே சேலத்துக்குக் கிளம்பினார். "எல்லாத்தையும் சுத்தமா வெச்சுருங்கக்கா" என்று மட்டும் சொன்னார். மோட்டாரைத் தொடாதே என்று சொல்லவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. எங்கள் வீட்டில் ஆயுத பூசை என்றால் ஏரைத் தொடமாட்டோம், அரிவாளைத் தொடமாட்டோம். மில்லிலும் அன்றைக்கு ஒரு மோட்டார் ஓடாது. கருவி ஓய வேண்டிய நாள் அது. அன்றைக்கு அதை வேலை வாங்கினால் பாவம்.

ஆகவே வியாழக்கிழமை மத்தியானம் நான் மனசாரச் செய்தேன். மோட்டாரை நிறுத்தித் துடைத்துச் சந்தனம் வைத்தேன். லைட்டை அணைத்தேன். ஸ்டோர்கீப்பர் அண்ணன் சாம்பிராணிப் புகையோடு அறை அறையாக வந்து கொண்டிருந்தார். புகையும் சாம்பலும் குடுவைக்குள் போய்விடுமே என்று பஞ்சையும் குழாயையும் எடுத்துவிட்டு, எட்டுக் குடுவைக்கும் ரப்பர் மூடியை இறுக்கிப் போட்டேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு குங்குமப் பொட்டு. அப்படியே மர அலமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். பொங்கலுக்குக் கோலம் போட்டு முடித்த மாதிரி ஒரு நிறைவு எனக்கு.

திங்கட்கிழமை காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்து அலமாரியைத் திறந்தேன். எட்டுக் குடுவையிலும் பச்சை இல்லை. கறுத்த கசடு அடியில் படிந்து, மேலே தண்ணீர் கலங்கலாக நின்றது.

நாற்றத்துக்குப் பயந்து முந்தானையை மூக்கோடு சேர்த்துக் கட்டிக் கொண்டு மூடிகளைப் பிடுங்கினேன். ஒவ்வொன்றும் டப்பென்று வந்தது. பொட்டையெல்லாம் அழித்தேன். குடுவைகளை மேசையில் பழைய இடத்தில் வைத்து, பஞ்சை அடைத்துக் குழாயைச் செருகி, மோட்டாரைப் போட்டேன், லைட்டைப் போட்டேன். போட்டுக் கை எடுக்கவில்லை, டீச்சர் உள்ளே வந்துவிட்டார்.

பார்த்தார். பையோடு அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

ஸ்டோர்கீப்பர் அண்ணன் எட்டிப் பார்த்தார். "கரண்டுதானுங்க மேடம். வெள்ளிக்கிழமை போனது சனிக்கிழமை சாயங்காலந்தான் வந்துச்சு. எங்கூட்டு மோட்டாரே ஓடலீங்க."

"கரண்ட் போனா இப்படிக் கறுக்காதுங்க" என்றார் டீச்சர். "பஞ்சு வழியா வேற ஏதோ கிருமி உள்ள போயிருக்கு. அது எல்லாத்தையும் கொன்னுருச்சு. அக்கா, எல்லாத்தையும் கொட்டிட்டு, குடுவையைக் கொதிக்க வெச்சுக் கழுவிருங்க."

நான்தான் என்று சொல்ல வேண்டும். சொல்லவில்லை. கரண்ட் மேல் பழி போய்விட்டது, அப்படியே போகட்டும் என்று ஒரு மனசு. இதை எழுதும்போது கூட வெட்கமாக இருக்கிறது. முதல் குடுவையை எடுத்துக் கொண்டு தொட்டிக்குப் போனேன். கழுவுவதற்காக முந்தானையை இடுப்பில் செருகிக் கொண்டேன். மூக்கு திறந்துவிட்டது. குடுவையைக் கவிழ்த்தேன்.

புளித்த நாற்றம் வந்தது. அந்த நாற்றம் எனக்குத் தெரியும். பத்து வருசம் காலை காலையில் தாண்டிப் போன குட்டையின் நாற்றம். கூமுட்டை நாற்றம் துளி கூட இல்லை. தொட்டியில் ஒட்டியிருந்த கசடை விரலால் தேய்த்துப் பார்த்தேன். வெளுக்கவில்லை, கரும்பச்சை. செத்ததென்றால் வெளுத்திருக்க வேண்டும்.

இது சாகவில்லை. மில் குட்டை விடியற்காலையில் இருக்கிற மாதிரி இருக்கிறது, அவ்வளவுதான்.

ஆனால் இதைச் சொன்னால் டீச்சர் கேட்பார். வேறு கிருமி போகவில்லை என்று எப்படித் தெரியும் என்பார். ரப்பர் மூடி போட்டு இறுக்கியிருந்தது என்று நான்தான் சொல்ல வேண்டும். யார் போட்டது? நான். ஏழு குடுவை மேசையில் இருந்தது. கையில் காலிக் குடுவை. தொட்டியருகில் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. குழாயை மூடக் கூட மறந்துவிட்டேன்.

"என்னக்கா, தண்ணி போய்க்கிட்டே இருக்கு."

"டீச்சர், அது சாகலீங்க" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

"என்னது?"

"கிருமியெல்லாம் போகலீங்க. வியாழக்கிழமை மத்தியானமே நாந்தான் மோட்டாரை நிறுத்தி, எல்லாத்துக்கும் ரப்பர் மூடி போட்டு, அலமாரிக்குள்ள வெச்சுப் பூட்டிட்டனுங்க. பூசைக்கு ஓயணுமேன்னு வெச்சனுங்க. காலைல வந்துதான் தொறந்தேன். ஈ எறும்பு போக வழியில்லீங்க."

சொல்லி முடித்ததும் காது ரெண்டும் சுட்டது. ஸ்டோர்கீப்பர் அண்ணன் வாயைப் பொத்திக் கொண்டு சிரித்தார். "ஏனம்மிணி, பாசிக்குமா ஆயுத பூசை? பொரி கடலை வெச்சியா இல்லியா?"

டீச்சர் சிரிக்கவில்லை. "நாலு நாளா? வெளிச்சமும் இல்லாம, காத்தும் இல்லாம? அப்போ மூச்சுத் திணறியே செத்திருக்கும்க்கா."

"செத்தா வெளுக்குமுங்க, இது கறுத்துத்தான இருக்குது. செத்த நாத்தம் வேற, இது புளிச்ச நாத்தமுங்க. மில் குட்டை தினமும் காலைல இப்படித்தான் நாறும், மத்தியானம் பச்சையாயிரும். டீச்சர், மோந்து பாருங்க. ஒரே ஒருவாட்டி."

அவர் ஒரு குடுவையின் பஞ்சை எடுத்து மோந்தார். முகத்தைச் சுளித்தார். திரும்ப மோந்தார். அப்புறம் ஒரு சொட்டு எடுத்துக் கண்ணாடித் தகட்டில் வைத்து மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தார்.

"உடையலை" என்றார் மெதுவாக. "ஒண்ணு கூட உடையலை. முழுசா இருக்கு. ஆனா நீந்தலை, எல்லாம் சும்மா கெடக்கு."

"தூங்குதோ என்னமோங்க" என்றேன்.

காற்றுக் குழாயைக் கழற்றிவிட்டு, ஏழு குடுவையையும் நாங்கள் ரெண்டு பேரும் தூக்கிக் கொண்டுபோய்த் தெற்கு ஜன்னலில், வெயிலில் வைத்தோம். அன்றைக்கு டீச்சர் வகுப்புக்குப் போவதும், மணி அடித்ததும் ஓடி வருவதுமாக இருந்தார். நான் மற்றச் சாமானைக் கழுவுகிற சாக்கில் ஜன்னலையே பார்த்தேன். பதினோரு மணிக்கு ஒன்றும் இல்லை. ஸ்டோர்கீப்பர் அண்ணன் ரெண்டு தடவை வந்து, "எந்திரிச்சுருச்சா அம்மிணி? காப்பி கேக்குதா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

பன்னிரண்டரை இருக்கும். ஓரத்துக் குடுவையின் கண்ணாடியில் ஒரு குமிழி ஒட்டியிருந்தது. ஊசி முனை அளவு. அப்புறம் அதன் பக்கத்தில் இன்னொன்று. நான் பார்க்கப் பார்க்கக் கசடு புகை மாதிரி அடியிலிருந்து எழும்பியது. கறுப்பு கரைந்து பச்சை ஏறியது.

வாழ்க்கையில் முதல் தடவையாக அன்றைக்கு நான் கத்தினேன். "டீச்சர்! வாங்க, வாங்க! வந்துருச்சு!"

வகுப்பிலிருந்து அவர் சாக்பீஸ் கையோடு ஓடி வந்தார். பின்னாலேயே பதினைந்து இருபது பிள்ளைகள். மைக்ராஸ்கோப்பில் பார்த்தவர் நிமிர்ந்து என் தோளைப் பிடித்து இழுத்தார். "நீங்க பாருங்கக்கா. மொதல்ல நீங்கதான் பாக்கணும்."

பார்த்தேன். வட்டமான வெளிச்சத்துக்குள் பச்சை உருண்டைகள், கடுகை விடச் சின்னது என்று சொல்வதா, எதைச் சொல்வது என்று தெரியவில்லை. ஒவ்வொன்றும் துடித்துக் கொண்டு ஓடியது. ஒன்றையொன்று இடித்துக் கொண்டு, திரும்பி, திரும்பவும் ஓடியது. பத்து வருசமாக நான் தாண்டிப் போன குட்டைக்குள் இதுதான் ஓடிக் கொண்டிருந்ததா என்று நினைத்தேன்.

அதற்கப்புறம்தான் டீச்சர் ஆராய்ச்சியையே திருப்பினார். காற்று கொடுத்து வளர்ப்பதை யார் வேண்டுமானாலும் செய்வார்கள், காற்றே இல்லாத இடத்தில் இது எப்படி உயிரைப் பிடித்து வைக்கிறது என்பதுதான் இனிமேல் கேள்வி என்றார். "அக்கா, அன்னிக்கு எப்படி மூடுனீங்களோ, அதே மாதிரி மூடுங்க." நானும் மூடினேன். பொட்டு மட்டும் வைக்கவில்லை. ஒரு நாளைக்கு ஒரு குடுவையைத் திறப்போம். நான் மோந்து சொல்வேன், அவர் மருந்து ஊற்றிச் சோதித்து எழுதிக் கொள்வார்.

அவர் எனக்குச் சொல்லிப் புரிய வைத்தது இது. பகலில் இந்தப் பாசி வெயிலை வைத்து மாவு செய்து வயிற்றுக்குள் சேர்த்து வைக்கிறது, நம்முடைய குச்சிக்கிழங்கு மாதிரியே. காற்று இருந்தால் அந்த மாவை முழுக்க எரித்துப் பலம் எடுத்துக் கொள்ளும். காற்று இல்லையென்றால் முழுக்க எரிக்க முடியாது. பாதியில் உடைத்துக் கிடைத்த கொஞ்சப் பலத்தோடு நிறுத்திக் கொள்ளும். மிச்சத்தைப் புளிப்பாகவும் சாராயமாகவும் வெளியே தள்ளிவிடும். கொஞ்சம் வாயுவும் வரும். மூடி டப்பென்று வந்தது அதனால்தான். பலம் குறைவு என்பதால் நீந்தாது, வளராது, அடங்கிக் கிடக்கும். வெயில் வந்ததும் தனக்கு வேண்டிய காற்றைத் தானே செய்து கொண்டு எழுந்துவிடும்.

எனக்கு இது கஷ்டமாகவே இல்லை. கிழங்கு வராத மாசங்களில் மில் மூடிக் கிடக்கும். அப்போது நாங்களும் அப்படித்தான் இருந்தோம். ஒரு வேளை கூழ், ஆட்டம் ஓட்டம் இல்லை, கிடைத்ததை வைத்து அடங்கிக் கிடப்போம். முதல் வண்டி கிழங்கு வந்ததும் ஊரே எழுந்துவிடும்.

தீபாவளி முடிந்து பேராசிரியர் வந்தார். வெள்ளைத் தலை, கனத்த கண்ணாடி. டீச்சர் நோட்டைக் காட்டிச் சொல்லச் சொல்லக் கேட்டுக் கொண்டார். நான் அலமாரிக்குப் பின்னால் நின்றேன். காலடியில் கழுவாத குடுவைகள்.

"யாரும்மா இதை முதல்ல கவனிச்சது?" என்றார்.

டீச்சர் என்னைக் காட்டினார். எனக்கு அலமாரிக்குள்ளேயே புகுந்துவிடலாம் போல இருந்தது.

"அவங்க மூக்காலயே நாள் கணக்குச் சொல்வாங்க சார்" என்றார் டீச்சர்.

"அப்படியா?" பேராசிரியர் எல்லோரையும் வெளியே போகச் சொன்னார். ஒரு மணி நேரம் கழித்துக் கூப்பிட்டார். மேசையில் மூன்று குடுவை, மூன்றையும் பழுப்புத் தாளில் சுற்றியிருந்தார். நிறம் தெரியாது. வாய் மட்டும் தெரிந்தது. கதவோரத்தில் ஸ்டோர்கீப்பர் அண்ணன், அவருக்குப் பின்னால் பிள்ளைகள்.

முந்தானையை இறுக்கிப் பிடித்துக் கொண்டு குனிந்தேன். முதல் குடுவையை மோந்தேன்.

"இது மூடி ஒரு நாளுங்க. இப்பத்தான் புளிக்க ஆரம்பிக்குது."

ரெண்டாவது. "இது நாலு நாள் இருக்குமுங்க. அஞ்சு இல்லீங்க."

மூன்றாவதை மோந்ததும் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. புளிப்பு இருந்தது. ஆனால் கீரையை வேகவைத்து இறக்கின மாதிரி இன்னொரு வாசமும் இருந்தது. திரும்ப மோந்தேன். பேராசிரியர் ஏமாற்ற மாட்டார் என்று நினைத்தேன். ஆனாலும் மூக்கு சொன்னதைத்தான் சொல்ல வேண்டும்.

"இது செத்துருச்சுங்க சாமி. இதை ஆரோ வேகவெச்சுருக்காங்க."

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான்தாம்மா இப்போ அடுப்புல வெச்சு ஆற வெச்சேன். உங்களைச் சோதிக்கத்தான். மூணும் சரி."

பிள்ளைகள் கை தட்டினார்கள். ஸ்டோர்கீப்பர் அண்ணன்தான் கடைசி வரை தட்டினார். "எங்க அம்மிணிங்க சார், அது" என்றார், அவர்தான் எனக்கு மூக்கைக் கொடுத்த மாதிரி. டீச்சருடைய ஆராய்ச்சி மேலே போகலாம் என்று பேராசிரியர் அங்கேயே, நின்றபடியே சொல்லிவிட்டார். டீச்சர் சுவரைப் பார்த்துத் திரும்பிக் கொண்டு கண்ணைத் துடைத்தார். நான் பார்க்காத மாதிரி குடுவைகளைத் தூக்கிக் கொண்டு தொட்டிக்குப் போனேன். வெந்த குடுவையை மட்டும் கொட்டினேன். மற்ற ரெண்டையும் ஜன்னலில் வைத்தேன்.

மறு வருசம் ஆயுத பூசைக்கு டீச்சர் சேலத்துக்குப் போகவில்லை. பூசைக்கு முதல் நாள் தானே சந்தனக் கிண்ணத்தைக் கொண்டு வந்து என் கையில் கொடுத்தார். அப்போது எங்களிடம் பதினாறு குடுவைகள் இருந்தன.

"எட்டு ஓடட்டும், எட்டு ஓயட்டும்க்கா. எந்த எட்டுன்னு நீங்களே சொல்லுங்க" என்றார்.

பேச்சு வராத பழக்கம் அன்றைக்கும் போகவில்லை, இன்றைக்கும் போகவில்லை. ஆனால் அன்று அந்த அறையில், பிள்ளைகளும் மற்ற டீச்சர்களும் பார்த்துக் கொண்டிருக்க, நான் ஒவ்வொரு குடுவையாகக் கை நீட்டி, இது, இது, இது என்று எட்டு தடவை உரக்கச் சொன்னேன். அந்த எட்டுக்கும் மூடியை இறுக்கினேன். அப்புறம் ர்ர்ர் என்று ஓடிக் கொண்டிருந்த மோட்டாரை நிறுத்தாமலேயே, அது விரலடியில் நடுங்க நடுங்க, ஒரு பொட்டு வைத்தேன்.